வடதுருவத்தின் பசுமை

வடதுருவ நாடுகளில் பசுமை பெருகி வருகிறதென்று கேட்டுச் சிலர் மகிழ்ச்சியடைகின்றனர். பனி மூடிக் கிடந்த பூமியில் செடி தழைத்தால் அது லாபமேயன்றி நஷ்டமாகுமா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு விடை கூறுமுன் அப்பசுமையின் மூலகாரணத்தை ஆராய்தல் அவசியம்.

1981 முதல் 2010 வரையுள்ள வருஷங்களில், செப்டம்பர் மாதத்தில் மிகச் சுருங்கிய நிலையிலும் வடதுருவக் கடற்பனி சராசரி சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. 2012-ஆம் வருஷத்திலோ அது சுமார் 34 லட்சமாகக் குறைந்தது. வெண்பனி சூரிய கிரணங்களைத் திருப்பியனுப்புவது; கரிய நீரோ அவற்றை விழுங்கி உஷ்ணமடைவது. அவ்வுஷ்ணம் கரையையும் எட்டுவதால், மரங்களற்ற தூந்திர நிலத்தில் வேனிற்காலம் நீள்கிறது; வில்லோ, பிர்ச் முதலிய குறுஞ்செடிகள் ஓங்குகின்றன. அலாஸ்காவின் வடபாகத்தை 1940-களின் இறுதியில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை, அரை நூற்றாண்டுக்குப் பின் எடுத்தவற்றோடு ஒப்பிட்டபோது குறுஞ்செடிகளின் பெருக்கம் பிரத்தியட்சமாயிற்று.

ஆயின், இதனால் மேயும் பிராணிகளுக்கு நன்மை விளைந்ததா? மேற்குக் கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக் பகுதியில், கடற்பனி குறையக் குறையச் செடிகள் முன்னதாகவே துளிர்த்துவிடுகின்றன. கரிபூ மான்களோ பகற்பொழுதின் நீட்சியைக் கொண்டே பிரயாணம் புறப்படுபவை. அவை கன்றீனும் வேளைக்குள் இளந்தளிர் முற்றிப்போகிறது. பிழைக்கும் கன்றுகள் குறைகின்றன. 2013 நவம்பரில் ருஷியாவின் யமால் தீபகற்பத்தில் பனியின்மேல் மழை பெய்து உறைந்து, மேய்ச்சல் நிலம் கல்லாய் இறுகியது. சுமார் 61,000 பனிமான்கள் பட்டினியால் மடிந்தன. அயலிலுள்ள கடல்களில் பனி குறைந்ததையே விஞ்ஞானிகள் இதற்கு ஏதுவாகச் சுட்டினர். அம்மந்தைகளே நேனெத்ஸ் மக்களின் உணவும், உடையும், செல்வமுமாகும்.

அன்றியும், வடதிசையின் உறைமண்ணில் ஆகாயத்திலுள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கரி அடங்கியிருக்கிறது. அம்மண் இளகினால் வெளிப்படும் வாயுவைப் புதிய செடிகளே உட்கொண்டுவிடுமென்று நம்பியிருத்தல் விவேகமன்று. சுர வேகத்தில் சிவந்த முகத்தைக் கண்டு தேகசுகமென்று மகிழ்வாருண்டோ?

நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் குவித்த தேசங்கள் வேறு. மந்தையை இழந்து நிற்கும் மக்கள் வேறு. பனியுருகிய வழியில் கப்பல் விடவும் எண்ணெய் தோண்டவும் போட்டியிடும் வல்லரசுகள் இவ்வநியாயத்தைச் சிந்திப்பதாகத் தெரியவில்லை. எரிப்பைத் தாமதமின்றிக் குறைப்பதும், மேய்ச்சல் நிலங்களைப் பற்றிய தீர்மானங்களில் அங்கு வாழ்வோருக்கே முதற்குரல் அளிப்பதும் அவற்றின் கடமையென்பது நமது திடமான அபிப்பிராயம்.