பிள்ளைகள் தேடிப் போவது இசையை மட்டுமா?



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் மேடைகளில் ஓர் எச்சரிக்கை தவறாமல் ஒலிக்கிறது. இசை நிகழ்ச்சிகள் ஷைத்தானின் கூடாரங்கள், அங்கே பிள்ளைகளை அனுப்பாதீர்கள், மீறிப் போகிறவன் மார்க்கத்தை விட்டே போகிறான். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு முடிந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கூடும் இடங்களிலும் இதே சொற்கள்தாம், இதே தொனிதான். தலையசைத்துக் கேட்ட பெற்றோர் வீடு திரும்பும்போது பிள்ளையின் அறை காலியாக இருக்கிறது. அவன் கச்சேரிக்குப் போய்விட்டான்.

இசை கூடுமா, கூடாதா என்ற வினாவுக்கு விடை சொல்லிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். தீரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கிதாரின் ஒலியோடு சேர்த்து, தங்களை எதிர்பார்த்திருக்கும் ஒரு சபையையும் நம் பிள்ளைகள் தேடுகிறார்கள். அந்தச் சபையைக் கொடுக்கத் தவறிய நாம் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

சட்டமும் சோம்பலும்

சட்டத்தை இலேசாக்குவது என் நோக்கமில்லை. லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் கண்டிக்கும் வீண் பேச்சு என்பது பாடலையே குறிக்கும் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கியுள்ளார்கள். இசைக்கருவிகளை ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டத்தாரைப் பற்றிய நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் குழல்களையும் தடுத்தே வந்துள்ளனர்.

மறுபுறம், அந்த நபிமொழியின் அறிவிப்பாளர் தொடரை ஏற்காத இப்னு ஹஸ்ம் (ரஹ்) இசையை ஆகுமானதென்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் செவியேற்றலுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி, கேட்பவர் யார், கேட்கப்படுவது எது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்றெல்லாம் பிரித்து ஆராய்ந்தார். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னதையும் நாம் யாவரும் அறிவோம்.

உங்கள் மத்ஹபு எதுவோ அவ்வழியே நில்லுங்கள். கஸ்ஸாலி இமாம் செய்த பிரித்தறியும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல்லாயிரம் பேர் குடித்துப் புரளும் மைதானமும், சில நூறு பேர் புல்தரையில் அமர்ந்து கேட்கும் மாலையும் நம் பயான்களில் ஒன்றாகவே வர்ணிக்கப்படுகின்றன. அங்கே போய்வந்த பிள்ளைக்கு அந்த வர்ணனை பொய்யென்று தெரியும். பொய்யான வர்ணனையோடு சேர்த்து, அதைச் சொன்னவரின் உண்மையான அறிவுரையையும் அவன் தள்ளிவிடுகிறான். இதைப் பேணுதல் என்று நாம் அழைக்கிறோம். எனக்கு இது சோம்பலாகவே தெரிகிறது.

அந்தப் புல்வெளியில் நடப்பது

பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களின் பணமும் விளம்பரமும் இன்றி, தாமே பாடல் எழுதி, தாமே பதிவு செய்து, ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் குழுக்களின் இசையை 'இண்டி' என்கின்றனர். அதன் தீவிர ரசிகனின் கோடையை எண்ணிப் பாருங்கள். ஜூன் பிறக்குமுன்பே நாட்காட்டியில் தேதிகளைக் குறித்துக்கொள்கிறான். முதன்மைக் குழுவுக்கு முன்னால் மேடையேறும், பலரும் பெயர் அறியாத குழுவையும் கேட்பதற்காக நேரத்தோடு போகிறான். இரண்டு மணி நேரம் நின்றபடியே கேட்கிறான். முடிந்ததும், மேடையோரம் மேசை போட்டு அமர்ந்திருக்கும் பாடகனிடமே இசைத்தட்டை விலைகொடுத்து வாங்குகிறான். மறுவாரமும் அதே முகங்களைச் சந்திக்கிறான். ஒருநாள் வராவிட்டால், சென்ற வாரம் எங்கே போனாய் என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது.

வாஷிங்டன் நகரை எடுத்துக்கொள்வோம். அந்நகரின் மிக உயர்ந்த மேடான ஃபோர்ட் ரீனோ பூங்காவில் கோடைகாலத் திறந்தவெளிக் கச்சேரிகள் 1968இல் தொடங்கின. நுழைவுக் கட்டணம் இல்லை. தன்னார்வலர்கள் நடத்த, உள்ளூர்க் குழுக்கள் பாடுகின்றன. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அங்கே இடமில்லை. விரிப்புகளோடும் குழந்தைகளோடும் குடும்பங்கள் வந்து அமர்கின்றன. 2014ஆம் ஆண்டு, காவலுக்கான செலவை ஏற்பாட்டாளர்களே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையால் கச்சேரிகள் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. மக்கள் குரல் எழுப்பினர். அந்நகரின் நாடாளுமன்றப் பிரதிநிதி எலெனர் ஹோம்ஸ் நார்ட்டன் தலையிட்டார். கச்சேரிகள் தொடர்ந்தன. நம் பள்ளிவாசலின் இளைஞர் நிகழ்ச்சி ஒன்று நின்றுபோனால் குரல் எழுப்புவோர் எத்தனை பேர்? நின்றுபோனதைக் கவனிப்போராவது எத்தனை பேர்?

அதே நகரில் 1980களின் தொடக்கத்தில் இளைஞர் சிலர் செய்த காரியம் நம் மேடைகளில் ஒருநாளும் சொல்லப்படுவதில்லை. மது விற்கும் அரங்குகளில் பாட்டுக் கேட்க வரும் சிறாருக்குத் தவறியும் மது கொடுத்துவிடக் கூடாதென்பதற்காக, அவர்களின் புறங்கையில் பெருக்கல் குறி இடுவது வழக்கமாயிற்று. அந்தக் குறியை அவ்விளைஞர்கள் தாமாகவே இட்டுக்கொண்டு, நாங்கள் குடிப்பதில்லை, போதையைத் தொடுவதில்லை என்று அறிவித்தனர். 'மைனர் த்ரெட்' என்ற குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடலொன்றின் தலைப்பான 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்பதே அந்த இயக்கத்தின் பெயராயிற்று. அப்பாடலைப் பாடிய இயன் மக்காய் பின்னர் 'ஃபுகாஸி' என்ற குழுவில் இருந்தார். அக்குழு நுழைவுச்சீட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருக்க முயன்றது. எல்லா வயதினரும் வரக்கூடிய இடங்களில் பாடியது. கூட்டத்தில் எவனாவது பிறரை இடித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்தி, அவனுடைய ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடத்தி, அவற்றில் 800க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறது.

மது அருந்தாமையைக் கையில் எழுதிப் பெருமையோடு திரிந்த அவ்விளைஞர்கள் முஸ்லிம்கள் அல்லர். மது ஹராம் என்று பிறந்த நாள்முதல் கேட்டு வளர்ந்த நம் பிள்ளையோ, கல்லூரி விருந்தில் தான் குடிப்பதில்லை என்று சொல்லக் கூசி, வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்கிறான். விலக்கை அவனுக்குக் கற்பித்தோம். அதைத் தலைநிமிர்ந்து சொல்வதற்கு ஒரு தோழமைக் கூட்டத்தை அவனுக்குக் கொடுத்தோமா?

எல்லா இடமும் ஃபோர்ட் ரீனோ ஆகாது. சிறிய அரங்குகள் பலவும் மது விற்ற வருவாயில்தான் தம் வாடகையைக் கட்டுகின்றன. ஆபாசமும் இறைமறுப்பும் மலிந்த பாடல்கள் உண்டு. தொழுகை நேரத்தை எவரும் நினைவூட்டப்போவதில்லை. இவற்றைப் பெற்றோர் சொல்லத்தான் வேண்டும். நேரில் அறிந்து, இன்ன இடம் ஆகாது, இன்னது ஆகாது என்று பெயரிட்டுச் சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை இருக்கும்.

நம் வாசலுக்கு வந்த பேருந்து

2007ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று நம் சமுதாயத்துக்குப் பாடமாகியிருக்க வேண்டும். 'தக்வா' என்ற சொல்லையும், பங்க் இசையின் ஒரு பிரிவான 'ஹார்ட்கோர்' என்பதையும் இணைத்துத் 'தக்வாகோர்' என்று, இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் முஹம்மது நைட் தம் நாவலுக்குப் பெயரிட்டிருந்தார். அதில் அவர் கற்பனை செய்த முஸ்லிம் பங்க் குழுக்கள், நாவலைப் படித்த இளைஞர்களால் நிசமாகவே உருவாயின. பாஸ்டனின் 'கொமினாஸ்' அவற்றுள் ஒன்று. பாகிஸ்தானியப் பெற்றோரின் பிள்ளைகள் தொடங்கிய குழு அது. அக்கோடையில் இத்தகைய குழுக்கள் பச்சை வண்ணம் பூசிய பழைய பள்ளிப் பேருந்தொன்றில் ஊர் ஊராகச் சென்று பாடின. 2009இல் உமர் மஜீத் இயக்கி வெளியிட்ட ஆவணப்படத்தில் அப்பயணத்தைக் காணலாம்.

அவர்களுடைய பாடல்கள் பலவற்றை நான் ஏற்கவில்லை. அவற்றில் வேண்டுமென்றே புண்படுத்தும் சொற்கள் உண்டு. நம் வீட்டில் அவற்றை ஒலிக்கவிட மாட்டேன். ஆனால் அப்பேருந்து எங்கே போய் நின்றது என்று பாருங்கள். சிக்காகோ அருகே நடந்த, வட அமெரிக்க முஸ்லிம்களின் மிகப்பெரிய ஆண்டு மாநாட்டில் போய் நின்றது. எவரும் பாடலாம் என்றிருந்த மேடையில் அவர்கள் ஏறினர். 'சீக்ரெட் ட்ரையல் ஃபைவ்' என்ற பெண்கள் குழுவும் பாடத் தொடங்கியது. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. காவலர் வந்து அவர்களை வெளியேற்றினர்.

மாநாட்டார் தம் விதியைக் காத்தனர் என்று சொல்வோர் உண்டு. விதியைக் காத்தது சரியென்றே வைத்துக்கொள்வோம். காவலரோடு, தோளில் கைபோட்டுப் பேச ஒரு பெரியவரும் போயிருக்கலாகாதா? அந்நாட்டில் பாடுவதற்கு வேறு மேடையா இல்லை? மதுக்கூடங்கள் அவர்களைக் கைதட்டி வரவேற்றன. அப்படியிருந்தும் முஸ்லிம்களின் சபையைத் தேடி வந்தார்கள். கோபத்தோடு கதவைத் தட்டுகிறவனும் அந்தக் கதவை இன்னும் மறக்காதவன்தான். தட்டுவதை நிறுத்திவிட்டவர்களை எண்ணியே நாம் அஞ்ச வேண்டும்.

நாம் வைக்க வேண்டியது

பள்ளிவாசல் என்ன கேளிக்கைக் கூடமா என்று கேட்பீர்கள். நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் அபிசீனியர்கள் ஈட்டிகளோடு விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களிக்கும்படி, ஆயிஷா (ரலி) அவர்களே களைப்படையும்வரை அவர்களை நிற்கவிட்டார்கள் நபியவர்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு அதே பள்ளியில் மேடை அமைத்துத் தரப்பட்டது. நம் மண்டபங்களின் கண்ணியம் அந்தப் பள்ளியின் கண்ணியத்தைவிட உயர்ந்ததா?

வாரந்தோறும் பயான் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. ஒருவர் பேச, மற்றவர் கேட்கின்றனர். அந்த மண்டபத்தில் உங்கள் பிள்ளையின் குரல் கடைசியாக எப்போது ஒலித்தது? பாட்டிமார் வீட்டுக் கூடத்தில் முனாஜாத்தும் பைத்தும் சேர்ந்து பாடிய மாலைகள் நமக்கு இருந்தன. சீறாப்புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லக் கேட்ட இரவுகளும் இருந்தன. அவற்றுள் சிலவற்றை மார்க்க அடிப்படையில் விமர்சித்து நிறுத்தினோம். நிறுத்தியது சரியா, தவறா என்பது வேறு வழக்கு. நிறுத்திய இடத்தில் எதை வைத்தோம் என்பதே என் கேள்வி. வெற்றிடத்தை வைத்தோம். அதில் பிறர் மேடை போட்டார்கள்.

ஆகவே ஜமாஅத்துகளிடம் ஒன்று கேட்கிறேன். கோடையில் வாரம் ஒரு மாலையை, அஸருக்குப் பின் தொடங்கி இஷாவோடு முடியும்படி, பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். நாள் மாறக் கூடாது. வசூல் கூடாது. அவர்கள் எழுதிய கவிதையைப் படிக்கட்டும். கருவியின்றிக் குரலால் பாடட்டும். மத்ஹபு இடந்தருமளவு தஃப் ஒலிக்கட்டும். பெண்பிள்ளைகளுக்குக் கிடங்கறையில் திரைபோட்டு இடம் ஒதுக்காமல், மேடை தெரிகிற, குரல் கேட்கிற இடம் கொடுங்கள். அவர்களுடைய கவிதைகளும் அங்கே படிக்கப்படட்டும். பெரியவர்கள் வந்து அமர்ந்து கேட்கட்டும். அன்றைய மாலை அவர்களுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். வராத பிள்ளையை மறுநாள் அழைத்து விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அதிகாரத்தைச் சற்றே விட்டுக்கொடுக்கும் மனம் வேண்டும். அது இல்லாததால்தான் செய்யாமல் இருக்கிறோம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெரியவர்கள் தவறினார்கள் என்பது உங்களுக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. முன்பின் அறியாத குழுவுக்காக இரண்டு மணி நேரம் நிற்கத் தெரிந்த கால்களுக்கு மூன்று ரக்அத் பாரமாகாது. ஜூன் இறுதியில் வாஷிங்டனில் கதிரவன் மறைவது இரவு எட்டரை மணிக்கும் சற்றுப் பின்னர். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மஃரிப் வந்துவிடும். பூமி முழுவதும் தொழுமிடமாக நமக்கு ஆக்கித் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பூங்காவின் புல்தரையும் அதில் அடக்கம். எழுந்து ஓரமாகச் சென்று தொழ உங்களால் முடியவில்லையென்றால், அந்த இடம் உங்களை ஆள்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். மதுவால் நடக்கும் அரங்கின் கதவைக் கடக்க வேண்டாம். எந்தப் பாடலை உங்கள் தாயின் முன் ஒலிக்கவிட நாணுவீர்களோ, அதைத் தனிமையிலும் விடுங்கள்.

பெற்றோரே, இந்தக் கோடையில் உங்கள் பிள்ளை எங்கே போகிறான் என்று கேட்குமுன், போகாதிருப்பின் அவன் எங்கே இருக்கலாம் என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுங்கள். காட்ட இடமில்லையென்றால் அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகத்தாரைச் சந்தித்துக் கேளுங்கள். நம் சந்ததியரை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம் சபைகளை அவர்கள் விரும்பி வரும் இடங்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.