கவுனியும் காவலாளியும்

பழங்கட்டிடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் எழுத்தாள நண்பர்கள் தூண்களோடு நின்றுவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு நண்பர் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் காணும் வாயிற்காவல் வீடுகளை வியந்து அரைமணி நேரம் பேசினார். மாளிகையின் சாயலிலேயே வாசலில் ஒரு சின்ன வீடு. கூரை, ஜன்னல், புகைபோக்கி எல்லாம் அளவு குறைந்து கவிதையாகிவிட்டன என்றார். அந்தக் கவிதைக்குள் காவலாளி கால் நீட்டிப் படுக்க முடிந்ததா என்று கேட்டேன். அது அழகியல் கேள்வி இல்லையாம்.

அழகியல் கேள்விதான் என்பது என் கட்சி. வாசலின் இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்பதற்காகப் பல இடங்களில் அந்த வீட்டையே இரண்டாகப் பிளந்து கட்டினார்கள். ஒரு பக்கம் சமையல், மறுபக்கம் படுக்கை, நடுவே துரையின் வண்டிப்பாதை. மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையைக் கடந்தவளுக்குத்தான் சமச்சீர்மையின் விலை தெரியும். அந்த விலையைச் சொல்லாத உருவ விமர்சனம் உருவத்தையும் சரியாகப் பார்க்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள இராயபுரத்துக்காரனுக்கு இங்கிலாந்து வேண்டாம். 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் பட்ட அடியாலும், ஹைதர் அலி மீதிருந்த பயத்தாலும், கம்பெனி அன்றைய கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. காண்ட்ராக்ட் பால் பென்ஃபீல்டுக்கு. செலவை உள்ளே இருந்த ஜனங்கள் தலையில் வரியாகச் சுமத்தப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. கவுனி என்றால் கோட்டைவாசல். யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறது.

இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இராயபுரம் ஸ்டேஷனை, 2005இல் புதுப்பித்துத் திறந்த அதே ஸ்டேஷனை, கடக்கும்போதெல்லாம் தூண்களை அண்ணாந்து பார்க்கிறவன்தான் நானும். ஆனால் எந்த வாசலைப் பற்றியும் விமர்சகன் முதலில் கேட்கவேண்டியது, அது யாரை நிறுத்தியது என்பதை.

இது பழங்காலத்து விஷயம் மட்டுமில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் மைல்கணக்கில் நிற்க, டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் நவீன கவிதையில் கடல் வருகிறது, கப்பல் வருகிறது, கலங்கரை விளக்கம் வருகிறது. இந்த ஸ்டவ் எத்தனை கவிதையில் வந்திருக்கிறது?

நான் வங்கியில் கவுன்ட்டருக்கு உட்பக்கம் உட்காருகிறவன். கண்ணாடித் தடுப்பு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகாயிருக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நண்பர்களின் மரபுணர்வும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கவுனியைப் பாடட்டும். காவலாளி எங்கே படுத்தான் என்று விசாரித்துவிட்டுப் பாடட்டும்.