செலவில்லா இன்பம்

மாசி வந்துவிட்டது. விடியற்காலையில் பனி கொட்டுகிறது. எட்டு மணிக்கு இளவெயில் அடிக்கிறது. குளிரும் உண்டு, வெயிலும் உண்டு. இரண்டும் அளவோடு உண்டு.

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. ஆனால், விருதுநகர் சீமையில் பனி நெடுநாள் தங்கும் விருந்தாளி அல்ல. பங்குனி பாதியிலேயே வெயில் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு லேசில் எழுந்து போகாது! ஆகவே, இந்தச் சில வாரங்களை வீணாக்கக் கூடாது.

திருத்தங்கலில் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோவில் இருக்கிறது. 108 திருப்பதிகளில் அதுவும் ஒன்று. படியேறிப் போய் நின்றால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். கீழே ஊர் மெல்ல விழிப்பது தெரியும். இதற்குக் கட்டணம் உண்டா? இல்லை.

தெருவுக்கு வாருங்கள். பருத்திப்பால் ஆவி பறக்கிறது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. ஒரு தம்ளர் குடித்தால் தொண்டைக்கு இதம், வயிற்றுக்கும் நிறைவு. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த பனங்கிழங்கு இருக்கிறது. நாரை உரித்து, ஒடித்துத் தின்ன வேண்டும். இது புளி உலுக்கும் காலமும் ஆகும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து புளியைத் தட்டுகிறாள். பேரப்பிள்ளைகள் புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பல்லாங்குழி ஆடுகிறார்கள்.

"இவையெல்லாம் ஒரு பெரிய காரியமா?" என்று கேட்கலாம். பெரிய காரியந்தான்!

இந்த ஊரிலும் சிவகாசி வட்டாரத்திலும் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பலருக்குச் சோறு போடுகின்றன. பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி. அரை மணி ஓய்ந்தால் அரை மணிக் கூலி போயிற்று. ஒரு தீபாவளி இரவில் நாடெல்லாம் மகிழ்வதற்கு, மாதக் கணக்கில் உழைப்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு மகிழ நேரம் எங்கே?

இதில் இன்னொன்றும் உண்டு. பின்பனிக் காலம் இங்கே எப்போதும் இனிமையாகவே கழிந்ததில்லை. 2021 பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரி 17-ந் தேதி, வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர் மாண்டனர். காலையில் வீட்டிலிருந்து சென்றவர்கள் மாலையில் திரும்பவில்லை.

சிலப்பதிகாரத்தில் திருத்தங்கலைப் பற்றி ஒரு கதை வருகிறது. அப்போது இதன் பெயர் தங்கால். இவ்வூர் வார்த்திகன் என்பவனைக் கள்வன் என்று தவறாகச் சிறையில் அடைத்தார்கள். அவன் மனைவி அழுதாள். அதைப் பொறாமல் கொற்றவை கோவிலின் கதவே திறக்கவில்லையாம்! பாண்டியன் உண்மையை அறிந்து அவனை விடுதலை செய்தான். பிறகே கதவு திறந்தது.

ஒரு தகப்பன் வீடு திரும்பாததற்கே கோவில் கதவு மூடிக்கொண்டது. இன்று எத்தனை தாய்மார்களும் தகப்பன்மார்களும் மருந்தோடு வேலை செய்கிறார்கள்!

ஆலை நடத்துவோர் இதை மறக்கக் கூடாது. மருந்து கலக்கும் வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடிக்க வேண்டும். ஓர் அறையில் அனுமதிக்கு மேல் ஆட்களை அடைக்கக் கூடாது. அவசரம் ஆகவே ஆகாது. வெயில் ஏறும் முன்பே இதற்கெல்லாம் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றுக்குப் போங்கள். முடியாவிட்டால் வாசலில் பாய் விரித்து, இளவெயிலில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால், கை வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

போன கூலியை நாளை சம்பாதிக்கலாம். போன பனிக்காலம் அடுத்த ஆண்டு வரும். ஆனால், அப்போது பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும்.

எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய இன்பம் வேறு என்ன இருக்கிறது?