இசைவிழாவுக்குக் கட்டுச்சோறு

திறந்தவெளியில் கூடாரமடித்து, மூன்று நாளோ ஐந்து நாளோ தங்கி இசை கேட்கும் மேலைநாட்டு விழாக்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் புரட்டினால், யார் பாடினார், யார் கிதார் வாசித்தார் என்னும் செய்திகளே மிகுதி. கூடியவர்கள் என்ன உண்டார்கள், என்ன குடித்தார்கள் என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. நமக்கோ அவ்விழாக்களின் வரலாற்றையே சோற்றின் வழியாகவும் தண்ணீரின் வழியாகவும் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. பையில் எதை எடுத்துச் செல்வது என்பது எளிய கேள்விதான். ஆனால் வாயிலில் நிற்பவர் எதை உள்ளே விடுவார் என்னும் மற்றொரு கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது.

1969 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் மாநிலத்துப் பெத்தல் என்னும் சிற்றூரில், மாக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் வுட்ஸ்டாக் விழா தொடங்கிற்று. அதன் தொடக்கத்தில் உரையாற்றியவர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் என்பதை வாசகர்களிற் சிலர் அறிந்திருக்கக்கூடும். அம்மேடைக்கு முன் அமர்ந்திருந்த கூட்டத்தின் பசியைப் பற்றி நாம் அவ்வளவாக அறிந்ததில்லை. அமைப்பாளர்களின் கணக்கையெல்லாம் மீறி ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வந்து சேர்ந்தனர். சாலைகள் அடைபட்டன. உணவுக் கடைகளை ஏற்று நடத்தியவர்களோ இத்தொழிலில் போதிய அனுபவம் இல்லாதவர்கள். இருந்த சரக்கு தீரத் தீர விலை ஏறியது. 25 சென்ட் விற்ற ஹாம்பர்கர் ஒரு டாலராயிற்று. சினமுற்ற கூட்டத்தினர் இரண்டு கடைகளைக் கொளுத்திவிட்டனர். அமைதிக்கும் அன்புக்கும் அடையாளமாகப் போற்றப்படும் விழாவில் இதுவும் நடந்தது.

அதன்பின் நடந்தவைதாம் நம் கவனத்துக்குரியவை. ஹாக் ஃபார்ம் என்னும் கூட்டுவாழ்க்கைக் குழுவினர் இலவச அடுப்படி ஒன்றை நடத்தினர். அவர்களோடு வந்திருந்த லிசா லா என்னும் பெண்மணி விழாவுக்கு முன்னரே நியூயார்க் நகரத்துக்குப் போய், உடைத்த கோதுமை, ஓட்ஸ், உலர்ந்த பழங்கள், பாதாம், தேன் என மூட்டை மூட்டையாக வாங்கி வந்திருந்தார். இடம் பறிபோகும் என்றஞ்சி மேடைக்கருகிலிருந்து நகராதவர்களுக்கு அத்தானியக் கலவை காகிதக் குவளைகளில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு சேர்க்கப்பட்டது. பக்கத்து ஊராகிய மாண்டிசெல்லோவின் யூதச் சமூகக் கூடத்துப் பெண்கள் ரொட்டிகளை அறுத்துச் சாண்ட்விச் செய்து அனுப்ப, கத்தோலிக்கக் கன்னியர் அவற்றைக் கொண்டுவந்து வழங்கினர். அக்கம்பக்கத்தில் சிலர் தண்ணீரைக் காசுக்கு விற்பதாகக் கேள்விப்பட்ட யாஸ்கர், தம் பண்ணையில் தண்ணீர் இலவசம் என்று பலகை எழுதி வைத்தார். அவர் வெறும் பால்பண்ணைக்காரர். ராக் இசையில் அவருக்கு எந்தப் பற்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

முப்பதாண்டுகள் கழித்து, 1999 ஜூலையில், அதே பெயரில் அதே மாநிலத்து ரோம் நகரில் இன்னொரு விழா நடத்தினார்கள். இடம், கைவிடப்பட்ட விமானப்படைத் தளம். நிழல் இல்லை, கோடை வெயிலில் கொதிக்கும் கான்கிரீட்டும் தாரும். வெளியிலிருந்து கொண்டுவந்த உணவையும் தண்ணீரையும் வாயிலில் பறித்துக்கொண்டனர். உள்ளே ஒரு போத்தல் தண்ணீர் 4 டாலர். இலவசக் குழாய்களுக்கு முன் நெடிய வரிசை. பொறுமையிழந்தவர்கள் குழாயை உடைக்க, வழிந்த நீர் கழிப்பறைக் கழிவோடு கலந்து சேறாயிற்று. வெப்பம் தாக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். இறுதி நாளிரவு தீவைப்பும் சூறையாடலுமாக முடிந்தது. காரணங்கள் பல கூறப்படுகின்றன. சில இசைக்குழுக்களின் முரட்டுத்தனத்தைக் குறை கூறுவாரும் உளர். நாம் முதற்காரணமாகக் கொள்வது அந்த 4 டாலர் தண்ணீரைத்தான். தாகத்தோடு வருபவரின் கையிலிருப்பதைப் பிடுங்கிவிட்டு அதையே அவருக்கு விற்பதற்கு வாணிகம் என்னும் சொல் பொருந்தாது.

மேடையமைப்பும் கழிப்பறையும் பாதுகாப்பும் பெருஞ்செலவு கோருவன, கடைவாடகையும் விற்பனையும் இல்லையேல் விழாவே நடவாது என்பர். இருக்கட்டும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா இதற்கு விடை சொல்கிறது. 1970 செப்டம்பரில் மைக்கேல் ஈவிஸ் என்னும் பால்பண்ணை விவசாயி (மீண்டும் பால்பண்ணை!) ஒரு பவுண்டு கட்டணத்துக்குப் பண்ணைப் பாலையும் இலவசமாகக் கொடுத்துத் தொடங்கிய விழா அது, முதலாண்டில் வந்தவர் 1,500 பேர். இன்று 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடும் அவ்விழாவில் உணவுக் கடைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை நன்றாகவே பிழைக்கின்றன. ஆயினும் வருபவர் தம் உணவையும் மதுவையும் கொண்டுவரத் தடையில்லை. கண்ணாடிப் பொருள்களுக்கு மட்டும் தடை. மாடு மேயும் நிலத்தில் உடைந்த சில்லு கிடக்கக்கூடாது. குடிநீர்க் குழாய்கள் எங்கும் உண்டு. 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அங்குப் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், நிலத்துக்கு ஓய்வளிக்கும் 2026ஐ விட்டு அடுத்த விழாவுக்குச் செல்ல எண்ணி, என்ன எடுத்துப் போகலாம் என்று நம்மிடம் கேட்டிருந்தார். இலக்கியம் கற்பித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது எனச் சிலர் நகைக்கலாம். நகைக்க வேண்டுவதில்லை. ஆற்றுப்படை நூல்கள் இசைவாணருக்கு வழி சொல்லும்போது சோற்றைத்தானே சொல்கின்றன? சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டுச் சோறும் நண்டும். யாழைச் சுமந்தவன் சோற்றைச் சுமக்கவில்லை, நிலம் கொடுத்தது. இக்காலத்து விழாவில் நிலம் விலைக்குத்தான் கொடுக்கும். ஆதலால் சுமக்கத்தான் வேண்டும்.

சுமை என்றதும் முதலில் நினைவில் வர வேண்டியது எடை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூடாரம்வரை எல்லாம் முதுகில்தான். அரை லிட்டர் பீர் டப்பா இருபத்து நான்கு எடுத்தால் 12 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிச் செல்லும் இளைஞர் அரிசிப்பொரிக்கு இடமில்லை என்பார். மது வேண்டாம் என்று அறிவுரை கூற நாம் வரவில்லை. ஐந்து இரவுக்கு மதுவை மட்டுமே கணக்கிட்டு, உப்பையும் சர்க்கரையையும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ள மறப்பதைத்தான் அறியாமை என்கிறோம். தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை. காலிக் குப்பி போதும், குழாயடியில் நிறையும்.

உணவில், புளியோதரை முதல் நாளுக்கு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்தாலும் மறுநாள் நண்பகலுக்கு மேல் சோற்றை நம்பக்கூடாது. அதற்குப் பின் கெட்டி அவல். அடுப்பு வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நனைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஒரு வேளை உணவு. வுட்ஸ்டாக்கில் பசி தீர்த்த தானியக் கலவைக்கு நம் வீட்டு உறவு இது எனலாம். பொட்டுக்கடலை மாவு, வீட்டிலேயே வறுத்த மோர்மிளகாய், பேரீச்சை. தட்டை பைக்குள் நொறுங்கிவிடும், முறுக்கும் அப்படியே. வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊறுகாயைக் கண்ணாடிக் குப்பியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வாயிலிலேயே விடைபெற நேரும்.

கட்டுச்சோற்றைப் பற்றி நம்மவர் பெருமை பேசும்போதெல்லாம் நமக்கு ஓர் உறுத்தல் உண்டு. தமிழ்நாட்டில் அது பயண வசதிக்காக மட்டும் கட்டப்பட்டதில்லை. பிறர் கையால் உண்ணக்கூடாது, பிறர் பார்க்க உண்ணக்கூடாது என்று சாதி விதித்த வேலியாகவும் அது இருந்தது. இரயில் பெட்டியில் முதுகைத் திருப்பிக்கொண்டு இலையைப் பிரித்த தலைமுறை ஒன்று இருந்தது. முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்த மனத்தோடு அவலைக் கட்டிக்கொண்டு பதினாயிரம் கூடாரங்களுக்கு நடுவே போய் உட்காருவதில் பயனில்லை. ஆதலால் மாணவருக்கு எழுதியபோது, தமக்கு வேண்டியதைப்போல் இருமடங்கு எடுத்துச் செல்லுமாறும், அண்டைக் கூடாரத்தார் நீட்டுவதை, அது தமக்கு உவப்பான உணவாயின், மறுக்காது வாங்கிக்கொள்ளுமாறும் எழுதினோம். கடலை மிட்டாயை மட்டும் எடுத்தவுடன் நீட்டிவிட வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாதோர் அந்நாட்டில் பலர். சிலருக்கு அது உயிருக்கே ஊறாகும். என்ன சேர்ந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கொடுப்பதே முறை.

எழுதி அனுப்பிய மறுநாளே பதில் வந்தது. புளிக்காய்ச்சலில் வேர்க்கடலை சேர்ப்பது தம் வீட்டு வழக்கமாயிற்றே, அதை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கடலைப்பருப்பு போதும் என்று எழுதியிருக்கிறோம்.