குத்தியவன் மறந்துடுவான்!



போன வாரம் என் நண்பனிடம், "ஏன்டா கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கிற?" என்று கேட்டேன். "ஆறாம் வகுப்புல பாடம் வாசிக்கும்போது திக்கினேன். நீதான்டா முதல்ல சிரிச்சே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாள் நடந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை!

சிரிச்ச நான் மறந்துட்டேன். அவன் மறக்கலை. ஏன்?

காரணம் நம் மூளையில் இருக்கிறது. எங்கே, எப்போது, யாரோடு என்பதைப் பதிய வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. அதை ஒட்டி, பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா இருக்கிறது. பயம், அவமானம், சந்தோஷம் வந்தால் அது விழித்துக்கொள்ளும். உடம்பில் அட்ரினலினும் சுரக்கும். "இதை அழுத்தி எழுது" என்று பக்கத்து வீட்டு ஹிப்போகாம்பஸிடம் அமிக்டலா சொல்வது போலத்தான். அதனால் போன வாரம் சாப்பிட்ட குழம்பு மறந்து போகும். நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் மறக்காது.

ஜெனீவாவில் கிளாபரேட் என்ற டாக்டர் 1911-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த அம்மாவுக்குப் புது ஞாபகம் எதுவும் தங்காது. டாக்டரையே ஒவ்வொரு முறையும் புது ஆள் மாதிரிதான் பார்ப்பார். ஒரு நாள் டாக்டர் கையில் குண்டூசியை மறைத்துக்கொண்டு கை குலுக்கினார். சுருக்! அந்த அம்மா அதையும் மறந்துவிட்டார். ஆனால் மறுபடி டாக்டர் கை நீட்டியதும் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ஊசி மறந்தது, பயம் மறக்கலை.

என் கருத்து இதுதான்: நம்ம சிரிப்பும் பட்டப்பெயரும் சில நேரம் குண்டூசிதான். "சும்மா தமாஷுக்குத்தானே" என்பது குத்தியவன் பேச்சு. குத்து வாங்கியவனைக் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தப்பு செய்தால் கண்டியுங்கள். ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கீழே விழுந்தபோது கை கொடுத்தவனையும் அதே மூளைதான் பத்திரமாக வைத்திருக்கும்.

நண்பனிடம் மன்னிப்பு கேட்டேன். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். எழுதினால் அது இன்னொரு ஊசி ஆகிவிடும்.

இனி யாராவது வாசிக்கும்போது திக்கினால், கொஞ்சம் காத்திருப்போமே!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்