இன்ஃபேமஸ்: புகழின் இன்னொரு பெயரா?

ஏடாகூடமான புகழுக்கு 'இன்ஃபேமஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரம் தூக்கலான பிரியாணி, நண்பனின் குறும்பு, கண்டக்டரின் கோபம் எல்லாம் இன்ஃபேமஸ். கேட்டால், வழக்கு மாறிவிட்டது, இழிபெயர் என்ற பழைய பொருள் செத்துவிட்டது என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

புகழுக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள தூரத்தை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் உரை வரைவில் பார்க்கலாம். 1941 டிசம்பர் 7-இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. மறுநாள் அவர் ஆற்றவிருந்த உரையின் முதல் வரைவு, அந்த நாள் உலக வரலாற்றில் நிலைக்கும் என்றது. அவர் 'உலக வரலாறு' என்பதை அடித்துவிட்டு 'இன்ஃபமி' (இழிவு) என்று கையால் எழுதினார். மறக்கப்படாது என்பதை இரண்டுமே சொல்லும். பழி யாருடையது என்ற தீர்ப்பு, திருத்திய பிறகுதான் வந்தது.

ஊர்வாய் தரும் கெட்ட பெயர்தானே என்பார்கள். ஊர்வாயோடு அது நின்றதே இல்லை. ரோமானியச் சட்டத்தில் 'இன்ஃபாமியா' ஒருவரின் உரிமைகளையே பறித்தது; அவர் பிறருக்காக வழக்காட முடியாது, பதவிகளும் கிடைக்காது. இங்கிலாந்தில் 'இன்ஃபேமஸ்' குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர், தன் கண்ணால் கண்ட கொலைக்கும் சாட்சி சொல்ல முடியாது. 1843-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அந்நாட்டின் 1858-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, தொழிலில் 'இன்ஃபேமஸ்' நடத்தை என்று தீர்ப்பானால் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க முடிந்தது. பிழைப்பே போனது.

தப்பு செய்தவனுக்குத்தானே என்ற வாதம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ரோமில் மேடை நடிகர்களும் கிளாடியேட்டர்களும் எந்தக் குற்றமும் செய்யாமலே, தொழிலுக்காகவே இந்த இழிவைச் சுமந்தார்கள். 1861-இன் ஆங்கிலத் திருட்டுச் சட்டத்தில், 'இன்ஃபேமஸ் குற்றம்' சாட்டுவதாக மிரட்டிப் பணம் பறிப்பதைத் தண்டிக்கும் பிரிவு இருந்தது. அந்தக் குற்றப் பட்டியலில் ஆண்களின் தன்பால் உறவும் இருந்தது. நிரபராதிகளையும் நசுக்கிய சொல் இது. அதைப் பிரியாணிக்குச் சூட்டும்போது அந்த வரலாறும் சேர்ந்து அழிகிறது. பிரியாணிக்குப் 'பேர்போன' என்ற நல்ல சொல் இருக்கிறதே!

பழைய பொருள் சாகவும் இல்லை. 1791-இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் இன்றும் நடப்பில் உள்ளது. மரண தண்டனைக்குரிய குற்றமோ 'இன்ஃபேமஸ்' குற்றமோ ஆனால், கூட்டாட்சி அரசு முதலில், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியிடம் போயாக வேண்டும். எது இன்ஃபேமஸ் என்ற கேள்வி 1885-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, விதிக்கப்படக்கூடிய தண்டனையின் கடுமையை வைத்தே நீதிபதிகள் விடை சொன்னார்கள்.