பொன்னாடையும் சான்றிதழும்

எமது பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே ஆண்டுதோறும் இருவகைக் கூட்டங்கள் தவறாது நடைபெறுகின்றன. ஒன்று மானிடப் பண்பியற் பேருரை. மற்றையது தொழில் வழிகாட்டற் செயலமர்வு. முன்னையதிற் பொன்னாடை போர்த்தப்படும். பின்னையதிற் சான்றிதழ் வழங்கப்படும். முன்னையதிற் கதிரைகள் வெறுமையாய்க் கிடக்கும். பின்னையதில் மாணவர் சுவரோரம் நிற்பர். ஒன்றையொன்று அறியாதனபோல இயங்கும் இவ்விரண்டும், தத்தம் வழியில் எம்மை ஏமாற்றுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

செயலமர்வை முதலில் நோக்குவோம். சென்ற ஆண்டு நான் கலந்துகொண்ட அமர்விலே எமக்கொரு தாள் தரப்பட்டது. ஒரு நிரலில் 'எனது பலம்' என்றும் மறுநிரலில் 'எனது பலவீனம்' என்றும் தலைப்பிடப்பட்டிருந்தது. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் என் தோழி இரண்டாம் நிரலிலே 'கலைப்பீடம்' என்று எழுதினாள். பயிற்றுநர் அதைக் கண்டு சிரித்தார், நாமும் சிரித்தோம். பின்னர் கைகுலுக்கும் முறையும், ஆடவர் கழுத்துப்பட்டி கட்டும் முறையும், விண்ணப்பத்தில் எம்மை நாமே வியந்துரைக்கும் முறையும் கற்பிக்கப்பட்டன. எந்தத் தொழிலில், எவ்விடத்தில், எத்தனை வெற்றிடங்கள் உள்ளன என்பதை மட்டும் எவரும் கூறினாரல்லர்.

இது புதிய கதையன்று. 1971இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழு, கற்ற இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கக்கூடிய தொழிலுக்கும் இடையே பொருத்தமின்மை உண்டென்றது. நாட்டின் பொருளாதார அமைப்பிலுள்ள கோளாறுகளையும் அதே குழு விரிவாக எடுத்துக்காட்டியது. ஆயின் காலப்போக்கில் அந்தப் பாதி மறக்கப்பட்டு, மாணவரின் எதிர்பார்ப்பே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியோடு 2010இலும் 2017இலும் தொடங்கப்பெற்ற உயர்கல்வித் திட்டங்களும் கலைப் பட்டதாரியைத் தொழிலுக்கு ஏற்றவராக்குவதைத் தம் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டன. அதே 2017இலேதான் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் இரவிலும் அமர்ந்து போராடினர். கழுத்துப்பட்டி கட்டத் தெரியாமையாலா அவர்கள் தெருவுக்கு வந்தனர்? இல்லாத வேலைக்கு ஆயத்தப்படுத்துவது கல்வியுமன்று, வழிகாட்டலுமன்று. பழியை இடம்மாற்றும் வித்தையே அது.

இனி, பேருரையின் பக்கம் நின்று முரசறைய நான் வரவில்லை. அங்கே வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை என்பன முடிய ஒரு மணி நேரம் சென்றுவிடும். பேச்சாளரின் புகழ் முழுமையாகக் கூறப்படும். அவர் ஆய்ந்த பொருள் அரைகுறையாகக் கூறப்படும். மாணவர் வினவும் வேளை வந்ததும் 'நேரமின்மை காரணமாக' நன்றியுரை தொடங்கிவிடும். வினாவுக்கு இடமில்லாத அவையில் மாணவர் எதற்காக அமர்ந்திருத்தல் வேண்டும்? 'இக்கால மாணவர்க்கு அறிவுத்தாகம் இல்லை' எனக் கடிந்துகொள்ளும் பெரியோர், தாம் வைத்த குடத்திலே நீர் உண்டா என்று எட்டிப் பார்த்தல் நன்று.

நான் தீவகத்திலே சாட்டியைச் சேர்ந்தவள். 1990இன் இடப்பெயர்வில் எம்மூரவர் வீடுகளை விட்டோடியபோது என் பேரனார் கொண்டுசென்றவற்றுள் ஒன்று பழைய காணி உறுதி. மீண்டு வந்தபோது வேலியும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை. சென்ற விடுமுறையில் அவர் அவ்வுறுதியை என் கையிலே தந்து, "பிள்ளை, நீ கம்பசிலை படிச்சனிதானே, இதை ஒருக்கா வாசி" என்றார். பழைய கையெழுத்து, இன்று வழங்காத சொற்கள், பரப்புக் கணக்கு. என்னால் வாசிக்க முடியவில்லை. ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தனர் என்பதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவள் நான். அவர்கள் தோம்பு எழுதிய வரலாறும் அறிவேன். ஆயின் என் வீட்டுக் காணியின் எல்லையை அறியும் எழுத்தறிவு எனக்கு வாய்க்கவில்லை. அதனுடன் அலுவலகமொன்றிலிருந்து வந்த கடிதமும் இருந்தது. அது முழுவதும் சிங்களத்தில். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அக்கடிதத்தை அம்முதியவருக்குத் தமிழிலே தருவார் மட்டும் இல்லை.

அன்றுதான் எனக்கொன்று புலனாயிற்று. பழஞ்சுவடியை வாசித்தல், மொழிபெயர்த்தல், முதியோர் வாய்மொழியைப் பதிந்து ஒப்புநோக்கல் என்பவை மானிடப் பண்பியலின் உயிர்நாடி. அவையே தொழில்களும் ஆகும். மொழிபெயர்ப்பாளரும் நீதிமன்ற உரைபெயர்ப்பாளரும் சுவடிக் காப்பாளரும் எமக்கு வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் எரிகொடுத்த சமூகத்துக்கு இதனை எவரேனும் எடுத்துரைத்தல் வேண்டுமா?

எமது தீவிலே கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளை இங்கு நினைக்கலாம். 1952இல் 'தமிழ்க் கலாசாரம்' எனும் பொருள்பட ஆங்கில ஏடொன்றைத் தொடங்கியவரும், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு வழிகோலியவரும் அவரே. "அவர் துறவி, ஊணும் உறையுளும் திருச்சபை தந்தது, எமக்கு யார் தருவார்?" என்று நண்பர் வினவலாம். வினா நேர்மையானது. ஆதலாலன்றோ தொழிலைப் பற்றிப் பேசவேண்டும் என்கிறேன்! ஆயின் அடிகள் பல மொழிகளைக் கற்றுத் தம் கல்வியைக் கருவியாக்கினார். நாமோ கல்வியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கருவியை அயலாரிடம் இரவல் கேட்கிறோம்.

எனவே, நாம் வேண்டுவன சில. பேருரை நிகழும் நேரத்திற் பாதி வினாவுக்கு ஒதுக்கப்படுக. பேச்சாளர் மறுநாளும் தங்கி, தம் ஆய்வுமுறையை மாணவரின் கையில் ஒப்படைத்துப் பயிற்றுக. செயலமர்வுக்கு வருவோர் முதலில் வெற்றிடப் பட்டியலை மேசையில் வைக்க. வெற்றிடம் இல்லையெனில் இல்லையென்றே கூறுக. அரசு தன் மொழிச்சட்டத்தை நிறைவேற்றத் தேவையானோரைக் கலைப்பீடங்களிலிருந்து தெரிந்து நியமிக்க வேண்டுமெனப் பல்கலைக்கழகம் வாதாடுக.

எம் தீவகத்து மாலுமிகள் சாட்டியிலே சிந்தாத்திரை மாதாவை வணங்கிக் கடலேறினர். வணங்கியதோடு நில்லாது பாயும் விரித்தனர். வணக்கத்தை ஒரு மண்டபத்திலும் பாயை வேறொரு மண்டபத்திலும் வைத்துவிட்டு, ஓடம் ஏன் கரையேறவில்லை என்று மாணவரைக் கேட்பது முறையா? அடுத்த விடுமுறையில் என் பேரனாரின் உறுதியை நான் வாசித்தாக வேண்டும். அதற்கு எனக்குப் பொன்னாடையும் வேண்டா, சான்றிதழும் வேண்டா. கல்வி வேண்டும்.